எங்கள் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறோம் என்று சொந்தக்காரர்களே நம்புகிறார்கள். எப்படிப் புரிய வைப்பது?

கேட்டவர்: தோட்டத்துக்காரி, பல்லடம்

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

பல்லடம் பக்கம் எங்களுக்குத் தோட்டம். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வருவது. போர்வெல்லும் காய்ந்து, தென்னையில் பாதி பட்டுப் போன பிறகு மாமனார் கறிக்கோழிக் கொட்டகை போட்டார். 5,000 குஞ்சு இறங்கும். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். கொட்டகை, கரண்ட், தண்ணீர், கீழே பரப்புகிற தேங்காய் நார்த்தூள், எங்கள் உழைப்பு எல்லாம் எங்களுடையது. வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு ஆறரை ரூபாயை ஒட்டிக் கூலி. கோழி அதிகம் செத்தாலோ தீவனம் கூடுதலாகச் செலவானாலோ அதிலும் பிடித்தம் உண்டு.

இந்த முறை குஞ்சு இறங்கி முதல் வாரத்தில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்க ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு விடுவது. மருந்து சூடேறினால் வீணாகிவிடும். ஐஸ் பெட்டியிலேயே வைத்திருந்து, கலக்கியதும் மளமளவென்று முடித்தாக வேண்டும். அதனால் பொழுதோட வெயில் தாழ்ந்ததும் வீட்டில் இருக்கிற எல்லோரும் உட்கார்ந்துவிடுவோம். ஒருவர் பிடித்துக் கொடுப்பார், ஒருவர் சொட்டு விடுவார், இன்னொருவர் விட்டதை அட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளுவார்.

அன்றைக்குப் பார்த்து ஒரம்பரை வந்திருந்தார்கள், ஒரு சீருக்குப் பத்திரிகை வைக்க. அவர்களில் ஒருவர் தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்திருக்கிறார். மங்கலான வெளிச்சம், வரிசையாக உட்கார்ந்த ஆட்கள், ஒரு கையில் குஞ்சு, இன்னொரு கையில் சின்னக் குப்பி. இதுதான் அதில் தெரிகிறது. அடுத்த நாள் சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வந்தது. கீழே எழுதியிருந்தது: "நம்ம ஆளுகளே ஹார்மோன் ஊசி போடறாங்க, பாத்துக்குங்க. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீங்க."

மாமனாரும் அந்தக் குழுவில் இருக்கிறார். பார்த்தார், ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் ஒரு கிடா விருந்துக்குக்கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

என் மகள் ஆறாவது படிக்கிறாள். "உங்க வீட்டுல விஷக்கோழி வளக்கறீங்களாமா?" என்று கூடப் படிக்கிற பெண் கேட்டிருக்கிறாள். ராத்திரி படுக்கும்போது மகள் என்னிடம், "நாம ஊசி போடறமாம்மா?" என்றாள். அன்றைக்குக் குஞ்சைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான்! கண்ணில் சொட்டு விழுந்ததும் அது கண்ணை மூடித் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை விடுவாள். தன் கையால் செய்ததையே அந்தக் குழந்தை சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இது ஒன்றோடு நின்றால் பரவாயில்லை. ராத்திரி முழுக்கக் கொட்டகையில் விளக்கு எரிவதை ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். கோழியைத் தூங்கவிடாமல் என்னமோ செய்கிறோமாம். குஞ்சாக இருக்கும்போது சூடு வேண்டும், அதற்கு பல்பு. வளர்ந்த பிறகு பகல் வெக்கையில் கோழி சரியாகத் தின்னாது, ராத்திரி குளிர்ச்சியில்தான் தின்னும், அதற்கு வெளிச்சம் வேண்டும். லாரி நடுராத்திரியில் வருவதற்கும் ஒரு கதை கட்டுகிறார்கள். பகல் வெயிலில் ஏற்றினால் வழியிலேயே பாதி செத்துப்போகும், விடிகாலையில் கடைக்குப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் காரணம். 2020இல் கறிக்கோழி தின்றால் கொரோனா வரும் என்று கிளப்பிவிட்டபோது கோழி விலை அதலபாதாளத்துக்குப் போய், புதுக் குஞ்சு இறக்காமல் எங்கள் கொட்டகை காலியாகக் கிடந்தது. அதை இன்னும் மறக்கவில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2 கிலோ கோழி ஒன்றுக்கு எங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 13 ரூபாய். அதில் கரண்ட், ஆள் கூலி, நார்த்தூள் எல்லாம் போக வேண்டும். இதில் எந்த ஊசியை வாங்கி 5,000 கோழிக்குப் போடுவது?

"விடு, நாலு நாளில் மறந்துடுவாங்க" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு விட மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஹார்மோன் இல்லை என்பதை எப்படிச் சொன்னால் நம்புவார்கள்?

---

பதில்: இரண்டு பிள்ளைகளின் அம்மா, கோவை

அக்கா, உங்கள் மகள் கேட்டதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் உங்கள் சொந்தக்காரர்கள் பக்கம் நின்றும் கொஞ்சம் பாருங்கள். நானும் வீட்டில் பிராய்லர் வாங்குவதில்லை. யார் வீடியோவையும் பார்த்துவிட்டு இல்லை. எங்கள் அம்மாயி வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பார்கள். அடித்துச் சாப்பிடுகிற அளவுக்கு வர அரை வருஷத்துக்கு மேல் ஆகும். உங்களுடையது 40 நாளில் 2 கிலோ வருகிறது. எலும்பு கையால் ஒடிகிறது. கறியில் ருசி இல்லை. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கிற ஒரு பொம்பளை, உள்ளே என்னமோ நடக்கிறது என்று நினைத்தால் அது தப்பா? அதோடு, பெண் குழந்தைகள் முன்னைவிடச் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள். எனக்கு 9 வயதில் ஒரு மகள். பயம் இருக்கத்தானே செய்யும்? ஊசி இல்லையென்றால் பின்னே எப்படி வளருகிறது? அதைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

---

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

தங்கச்சிகள் இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கோவைத் தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி, அதிலிருந்தே தொடங்கலாம்.

கோழி வேகமாக வளர்வது உண்மை. அதற்குக் காரணம் வித்து. கார்னிஷ், வெள்ளை பிளிமத் ராக் போன்ற இனங்களை எடுத்து, தலைமுறை தலைமுறையாக, இருப்பதில் வேகமாக வளர்ந்ததை மட்டும் பொறுக்கி அடுத்த தலைமுறைக்கு விட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் ஒரு தலைமுறை எடுத்துவிடலாம் என்பதால் எழுபது எண்பது வருஷத்தில் பெரிய மாற்றம் வந்துவிட்டது.

இதை நேராகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978ஆம் வருஷத்து வகைகளைப் புதிதாகப் பொறுக்காமல் அப்படியே இனம் காத்து வைத்திருக்கிறார்கள். அவற்றையும் 2005ஆம் வருஷத்து வகையையும் ஒன்றாக வைத்து ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை முதல் வகைக்கு 905 கிராம், அடுத்ததற்கு 1,808 கிராம், மூன்றாவதற்கு 4,202 கிராம். 2014இல் வெளியான ஆய்வு இது. தீவனமும் ஒன்று, கவனிப்பும் ஒன்று. மாறியது வித்து மட்டும்தான்.

இனி ஹார்மோன். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் முட்டை வெள்ளைக்கரு செரிக்கிற மாதிரி செரித்துவிடும், வேலை செய்யாது. ஊசியாகத்தான் போடவேண்டும், அதுவும் ஒரு தடவை போட்டு விட்டுவிட முடியாது, திரும்பத் திரும்பப் போடவேண்டும். பல்லடத்துத் தங்கச்சி சொன்ன 13 ரூபாய்க் கணக்கு அதற்கே பதில். ஆயிரக்கணக்கில் இருக்கிற கோழியைத் தினம் பிடித்தால், மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாவதே அதிகமாக இருக்கும். எனக்குத் தெரிந்து எந்தப் பண்ணையிலும் இதைச் செய்ததில்லை.

எலும்பும் ருசியும் வயசைப் பொறுத்தவை. 40 நாள் குஞ்சையும் எட்டு மாதக் கோழியையும் ஒப்பிடுகிறோம். இளசில் எலும்பு முற்றியிருக்காது, சதையில் சாறு ஏறியிருக்காது. நாட்டுக்கோழியையே 40 நாளில் அறுத்தால் அதிலும் அந்த ருசி இருக்காது.

பெண் குழந்தைகள் விஷயம். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 வயதில் பூப்பெய்தினார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 13 வயதை ஒட்டி வந்துவிட்டது. இந்த மாற்றத்தில் பெரும்பகுதி பிராய்லர் கோழி கடைக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்தது. ஊட்டம் கூடியது, நோய் குறைந்தது, உடம்பில் எடை ஏறியது, இவைதான் முக்கியக் காரணங்கள். உங்கள் மகளைப் பற்றிக் கவலை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் எடையையும் உயரத்தையும் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் பல்லடத்துத் தங்கச்சிக்கு ஒன்று. "ஹார்மோன் இல்லை" என்று சொல்லுங்கள், அது உண்மை. "எங்கள் கோழிக்கு மருந்தே கொடுப்பதில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தத் தொழிலில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக்தான். 2014இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர்ப் பகுதியில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் அதை உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. இப்படித் தேவையில்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு மனிதனுக்கு நோய் வந்தால் மருந்து கேட்காது. ஜனங்கள் இல்லாத ஊசிக்குப் பயப்படுகிறார்கள், இருக்கிற இந்த விஷயத்தைக் கேட்பதே இல்லை. எனக்கு இருபது வருஷமாக மனதை உறுத்துவது இதுதான்.

வேக வளர்ச்சிக்குக் கோழியும் விலை கொடுக்கிறது. உடம்பு ஏறுகிற வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடு கொடுப்பதில்லை. கால் வளைவது, வயிற்றில் நீர் கோப்பது, நன்றாக இருந்த கோழி திடீரென்று மல்லாந்து சாவது எல்லாம் அதனால்தான். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

பதில்: தோட்டத்துக்காரி, பல்லடம்

டாக்டர் ஐயா, ரொம்ப நன்றிங்க. நீங்கள் கடைசியாகச் சொன்ன இரண்டும் நாங்கள் கண்ணால் பார்ப்பதுதான். கால் போன கோழி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போக முடியாமல் கிடந்தால் மாமனார் தூக்கிக்கொண்டு போய்க் கிண்ணத்தின் பக்கத்தில் வைப்பார். காலையில் கொட்டகைக்குள் போனதும் முதல் வேலை செத்ததைப் பொறுக்குவது.

மருந்து விஷயம் மறைக்கவில்லை. சளி பிடித்தால், கழிச்சல் கண்டால் கம்பெனி சூப்பர்வைசர் மருந்து எழுதுவார், தண்ணீரில் கலந்து கொடுப்போம். எந்தத் தேதியில் என்ன கொடுத்தோம், எத்தனை செத்தது, எத்தனை மூட்டை தீவனம் போனது எல்லாம் கொட்டகைக் கதவில் தொங்குகிற அட்டையில் எழுதியிருக்கும். கோழி பிடிப்பதற்கு முன் இத்தனை நாள் மருந்து நிறுத்த வேண்டும் என்று எங்களுக்கும் சொல்வார்கள். எது எதற்கு எத்தனை நாள் என்று சூப்பர்வைசர் சொல்வதைத்தான் நம்புகிறோம். ஐயா, மருந்து டப்பாவில் அது போட்டிருக்குமா?

---

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

போட்டிருக்கும், பார்த்துப் படியுங்கள். கடைசித் தடவை கொடுத்ததிலிருந்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று இருக்கும். மருந்துக்கு மருந்து மாறும். அட்டையில் மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த நாளையும் எழுதிவிடுங்கள். லாரி அதற்கு முன்னால் வந்தால் கேள்வி கேளுங்கள். அட்டையைப் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள், பேட்ச் முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

---

பதில்: சர்க்கரை ஆலைக்காரர், கவுந்தப்பாடி

கோழி பற்றி எனக்குத் தெரியாதுங்க. ஆனால் அம்மணி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பொழப்பில் இதே கதை தலைகீழாக நடக்கிறது.

நாங்கள் அப்பாரு காலத்திலிருந்து நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறோம். பழநிப் பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் எங்கள் கவுந்தப்பாடி விற்பனைக்கூடத்தில்தான் சர்க்கரை வாங்குகிறது. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, சுண்ணாம்பு விட்டு அழுக்கெடுத்துப் பாகு இறக்கினால் பழுப்பாகத்தான் வரும். மண்ணைப் பொறுத்து, கரும்பைப் பொறுத்து நிறம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் வெல்லமானாலும் சர்க்கரையானாலும், கடையில் வாங்குகிறவர்கள் பொன் மாதிரி மஞ்சளாக இருப்பதைத்தான் கையில் எடுப்பார்கள். அதுதான் சுத்தம் என்று நினைப்பு. அந்த நிறத்துக்காகச் சில பேர் ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனத்தை அளவில்லாமல் போடுகிறார்கள். அப்படி வெளுத்தது வைத்திருக்க வைத்திருக்கத் தானாகக் கறுத்துவிடும். எதுவும் போடாமல் காய்ச்சிக் கொண்டுபோனவனிடம் "இதென்ன கறுப்பா இருக்குது, அழுக்கா?" என்று கேட்டு விலையைக் குறைக்கிறார்கள். மருந்து போட்டவனுக்கு நல்ல பேர், போடாதவனுக்குக் கெட்ட பேர்.

அதனால் அம்மணி, நீங்கள் வாட்ஸ்அப்பில் பெரிய கட்டுரை எழுதிப் போடாதீங்க. எழுத்துக்கு எழுத்து பதில் வரும், சண்டைதான் மிஞ்சும். ஆலைக்கு நேராக வந்து கொப்பரைப் பக்கத்தில் நின்று பாகு இறக்குவதைப் பார்த்தவர்கள் மட்டும்தான் இன்றைக்கும் எங்களிடம் கறுப்புச் சர்க்கரை கேட்டு வாங்குகிறார்கள். பேசி ஒருத்தரைக்கூட நான் மாற்றியதில்லை. வீடியோ எடுத்த ஒரம்பரையைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

---

பதில்: இரண்டு பிள்ளைகளின் அம்மா, கோவை

டாக்டர் சார், விளக்கத்துக்கு நன்றி. ஹார்மோன் பற்றி எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆன்டிபயாட்டிக் படித்தபிறகு வாங்குகிற ஆசை இன்னும் வரவில்லை, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இனிமேல் கடைக்காரரிடம் கேட்க ஒரு சரியான கேள்வி இருக்கிறது.

அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். பண்ணைக்குப் பக்கத்தில் போனாலே உள்ளே விடமாட்டேன் என்று விரட்டுகிறார்களே, அது ஏன்? நாங்கள் ஒரு தடவை உடுமலை போகிற வழியில் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நிறுத்தினோம். கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறைக்க ஒன்றும் இல்லையென்றால் ஏன் விடவில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்?

---

பதில்: தோட்டத்துக்காரி, பல்லடம்

அது நோய்க்குப் பயந்துதான் தங்கச்சி. செருப்பில், வண்டி டயரில், துணியில் ஒட்டிக்கொண்டே வெள்ளைக்கழிச்சல் வந்துவிடும். வந்துவிட்டால் கண் முன்னால் கொத்துக் கொத்தாக விழும், மருந்து கிடையாது. அதனால்தான் கேட்டிலேயே சுண்ணாம்பும் மருந்துத் தண்ணீரும் வைத்திருக்கிறோம். வீட்டு ஆட்களே கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைத்திருக்கிறோம். சூப்பர்வைசர்கூட இன்னொரு பண்ணையில் நோய் என்றால் அன்றைக்கு எங்கள் பக்கம் வரமாட்டார். உங்களைத் திருப்பி அனுப்பினவர் காரணத்தையும் சொல்லியிருக்கலாம்.

கவுந்தப்பாடி அண்ணா சொன்னதை ராத்திரி மாமனாரிடம் படித்துக் காட்டினேன். "கூப்பிடு, நானே காட்டறேன்" என்றார். இத்தனை நாளில் இதைப் பற்றி அவர் வாய் திறந்தது இப்போதுதான். வீடியோ போட்டவர் எனக்குச் சித்தப்பா முறை. போனில் கூப்பிட்டு, சண்டை எதுவும் இல்லாமல், அடுத்த பேட்சுக்குச் சொட்டு மருந்து விடுகிற அன்று சித்தியையும் கூட்டிக்கொண்டு வாங்க, நீங்களே விடுங்க என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி கண்ணு, வர்றோம்" என்றார்.

கதவு அட்டையையும் காட்டுவேன், மருந்து எழுதினது உட்பட. கால் வளைந்த கோழி இருந்தால் அதையும் காட்டுவேன். என் மகள் அவருக்குக் குஞ்சு பிடிக்கக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கோவைத் தங்கச்சியும் வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். குளித்துவிட்டுத் துவைத்த துணி போட்டு வரவேண்டும். அம்மாயி வீட்டுக்குப் போய் நாட்டுக்கோழியைத் தொட்டுவிட்டு நேராக மட்டும் வந்துவிடாதீர்கள், இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு வாருங்கள். செருப்பு நாங்கள் தருகிறோம்.